வியாழக்கிழமைப் பர்ச்சி

காவலாளித் தொப்பியைத் துணிப்பைக்குள் திணித்துக்கொண்டு நிஜாமுதீன் ஸ்டேஷனைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். சட்டையை மாற்றிவிட்டேன். கால்சட்டை மட்டும் இன்னும் ஏஜென்சியுடையதுதான். என்னுடையதைத் துவைத்திருந்தேன்; ஜனவரி மாதத்து தில்லியில் துவைத்த துணி காய மூன்று நாள் ஆகும். ஈரக் கால்சட்டை பைக்குள் இருந்தது, பை முதுகை நனைத்துக்கொண்டிருந்தது. எந்த ரயில் என்று முடிவு செய்யவில்லை. முதலில் கிளம்புவதில் ஏறிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

ஓர் இடத்தில் வம்பு வந்தால் அந்த இடத்தை விட்டுப் போவது என் வழக்கம். திருப்பூரை அப்படித்தான் விட்டேன். சூரத்தை இரண்டு முறை விட்டிருக்கிறேன். யாரிடமும் சண்டை போட்டதில்லை, யாரிடமும் மன்னிப்பும் கேட்டதில்லை. எட்டாம் வகுப்பையும் அப்படித்தான் பாதியில் விட்டேன். வாத்தியார் இன்னும் என் கணக்கு நோட்டை எதிர்பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இந்த முறை வம்புக்குக் காரணம் ஒரு தோசைக்கல்.

நான் காவல் காத்தது தெற்கு தில்லியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வேலை கிடைத்ததற்கு என் தகுதி எதுவும் காரணமில்லை. முன்பு இருந்தவன் சீருடையை வைத்துவிட்டு ஓடிப்போயிருந்தான். அது யாருக்குப் பொருந்துகிறதோ அவனுக்கு வேலை என்று ஏஜென்சியில் சொன்னார்கள். வரிசையில் நின்ற ஐந்து பேரில் நான்தான் உயரம். பன்னிரண்டு மணி நேர டியூட்டி, மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு உறக்கம். அதற்கு மேல் அந்த வேலையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வாசலில் ஒரு மேசை உண்டு. வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் வெளியே போகும்போது அந்த மேசையில் பையைத் திறந்து காட்ட வேண்டும். குடியிருப்பவர்கள் காட்ட வேண்டாம், அவர்களுடைய விருந்தாளிகளும் காட்ட வேண்டாம். பைக்குள் வீட்டுக்காரர்கள் கொடுத்த பொருள் ஏதாவது இருந்தால், அது பழைய சட்டையோ நேற்றைய சாம்பாரோ, கொடுத்தவர் கையால் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். அதற்கு பர்ச்சி என்று பெயர். பர்ச்சி எழுதிய அன்றைக்கு மட்டும் செல்லும். மற்ற காவலாளிகள் அதை வாங்கி, பார்க்காமல், கம்பியில் குத்துவார்கள். அங்கே நிறையத் தமிழ் வீடுகள் இருந்தன, பல பர்ச்சிகள் தமிழில் வரும், அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் ஒவ்வொன்றையும் படித்தேன். என் படிப்பு எனக்குக் கொடுத்த ஒரே அதிகாரம் அது. பதினெட்டு நாள் அதை அனுபவித்தேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நாலாவது மாடி மாமி வீட்டில் வேலை முடித்து அக்கா வந்தார். அக்காவுக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம். பிறந்ததென்னவோ இங்கே, தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில்தான். பாராபுல்லா நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரத்திலிருந்து பத்து நிமிடம் நடந்து வேலைக்கு வந்துகொண்டிருந்தவர். கேம்ப்பை இடித்த பிறகு தில்லியின் வடகோடியில், நரேலாவில் ஒரு வீடு கொடுத்தார்கள். இப்போது இருட்டில் எழுந்து, ஷேர் ஆட்டோ, பஸ், மெட்ரோ என்று மாறி மாறி வந்து, ஏழு மணிக்கு முதல் வீட்டில் பாத்திரத்தில் கை வைப்பார். நாலு வீடு. வேலை செய்யும் வீட்டைக் கோட்டி என்பார்கள் அந்தப் பெண்கள். நாலு கோட்டியும் ஒரே வாசலுக்குள் இருந்ததால்தான் அவ்வளவு தூரம் வருவது கட்டுப்படியானது.

அன்று அக்காவின் பையில் ஒரு பழைய தோசைக்கல் இருந்தது, நடுவில் குழி விழுந்தது. கூடவே பர்ச்சி: 'தோசைக்கல் ஒன்று கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை.'

"அக்கா, இது நேத்து பர்ச்சி."

"நேத்தா? இப்பதான்டா எழுதிக் குடுத்தாங்க. மை கூட காயல."

"வியாழக்கிழமைன்னு போட்டிருக்குதே."

"போட்டா என்னாடா? கல்லு பழசுதானே, தேதியும் பழசா இருந்துட்டுப் போவட்டும்."

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் கம்பியில் குத்தியிருப்பார்கள். நான் இன்டர்காமை எடுத்தேன்.

"மாமி, இன்னைக்கு தோசைக்கல் ஏதாவது கொடுத்தீங்களா?"

மறுமுனையில் பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, பக்கத்தில் யாருக்கோ கேட்கும்படி, "இன்னிக்கா? இன்னிக்கு நான் ஒண்ணுமே கொடுக்கலையே!" என்றார் மாமி. இன்டர்காம் இணைப்பு அறுந்தது.

விதிப்படி குடியிருப்புச் சங்கச் செயலாளருக்குப் போன் செய்தேன். அவர் கீழே இறங்கி வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே தன் போனில் எதையோ தட்டினார். அக்கா தன் நுழைவு கார்டை வாசல் இயந்திரத்தில் வைத்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது; இனி அவர் உள்ளே வர முடியாது. "மேல வா, மாமியையே கேட்டுடலாம்" என்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். டியூட்டி நேரத்தில் மேலே போக எனக்கு அனுமதியில்லை என்று சொன்னேன். அது உண்மைதான். அந்த நிமிடம் அந்த விதி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை முழுக்க ஒரு பெண்ணும் என்னோடு பேசவில்லை. தினமும் யாராவது மேலிருந்து ஒரு டம்ளர் டீ கொண்டுவருவார்கள், அதுவும் நின்றது. பையைத் திறந்து காட்டுவதற்குப் பதிலாக மேசையில் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். சீப்பு, வெற்றிலை, மாத்திரை அட்டை, ஒற்றைச் செருப்பு. ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். வரிசை உள்ளே லிஃப்ட் வரை நின்றது. கார்கள் ஹாரன் அடித்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் போவதுபோல எழுந்து நடந்துவிட்டேன்.

பூங்காவைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"டேய் கம்பம்! எங்கடா ஓடற?"

குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை செய்யும் ஒருத்தி அங்கே உண்டு. அவளுடைய வாய் தெரு முழுக்கப் பிரசித்தம். அவள்தான், என் உயரத்துக்கு அந்தப் பெயரை வைத்தவளும் அவள்தான். காலை வேலைக்கும் மாலை வேலைக்கும் நடுவே அந்தப் பெண்கள் பூங்காவில் வெயில் காய்வார்கள். எட்டுப் பேர் புல்லில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவே அக்கா. கார்டு சிவப்பாகிவிட்டபின் உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் நரேலாவிலிருந்து வந்திருந்தார்.

"ஓடல. ஸ்டேஷனுக்கு."

"ஸ்டேஷனுக்கு ஓடறியா? பை சொட்டுது பாரு. அழுவுதா?"

ஓடியிருக்கலாம். ஆனால் எட்டுப் பேரில் இரண்டு பேர் ஏற்கெனவே எழுந்து வழியில் நின்றிருந்தார்கள். உட்கார்ந்தேன்.

அங்கே இன்னொரு பெண்ணும் இருந்தாள். சட்டம் படித்தவள். கேம்ப் இடிபட்ட சமயத்தில் காகிதங்கள் எழுதிக் கொடுக்க வந்து, இவர்களோடு பழக்கமானவள். அப்பா அரசாங்க வேலை, லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். தமிழில் ஆரம்பித்து இந்தியில் நடந்து இங்கிலீஷில் போய் உட்காருவாள்.

"பய்யா, அண்ணா, பயப்படாதீங்க. நம்ம யாரையும் பனிஷ் பண்ண வரல. போலீஸ் கூப்டல. ஏக் நுக்ஸான் ஹுவா, ஒரு டேமேஜ் ஆச்சு, அத யாரு செஞ்சாங்களோ, யாருக்கு ஆச்சோ, எல்லாரும் ஒக்காந்து சரி பண்றோம். ஆள மட்டும் இல்ல, அந்த சிஸ்டத்தையே சேஞ்ச் பண்றோம். இதுதான் மெத்தட்."

"அடிக்கவே மாட்டீங்களா?" என்றேன். நிஜமான கேள்விதான்.

"நீ கேட்டா அடிக்கறோம்" என்றாள் வாயாடி.

அந்த முறைக்கு ஒரு விதி இருந்தது. கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும்; அதை வைத்திருப்பவர் மட்டும் பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும். பயிற்சியில் அவளுக்கு ஒரு வழவழப்பான கூழாங்கல் கொடுத்திருந்தார்களாம். வேறு பையில் விட்டுவிட்டு வந்திருந்தாள். யாரோ சாயங்காலச் சமையலுக்கு வாங்கி வைத்திருந்த முள்ளங்கிக் கட்டிலிருந்து ஒன்றை உருவினார்கள். முழங்கை நீளம்.

முள்ளங்கி முதலில் அக்காவிடம் போனது.

"ஒங்களுக்கு நுக்ஸான் யாரு செஞ்சாங்க தீதி?" என்று சட்டக்காரி கேட்டாள்.

அக்கா முள்ளங்கியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "யாருன்னு சொல்றது? வூட்ட இடிச்சவன் ஒருத்தன். நரேலாவ அவ்ளோ தூரத்துல வெச்சவன் ஒருத்தன். வாசல்ல மேசை போட்டவன் ஒருத்தன். இவன் கடைசியா வந்தான். அதனால கையில மாட்டினான்."

எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. குற்றவாளிகள் வரிசையில்கூட எனக்குக் கடைசி இடம்.

"அச்சா. இப்போ ஒங்களுக்கு என்ன வேணும்?"

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு நாலு கோட்டியிலயும் பாத்திரம் கழுவணும். அவ்ளோதான். ரெண்டு நாளு போவல. நாளைக்கும் ஆளு வரலன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்னு நாலு பேரும் போன்ல சொல்லிட்டாங்க. இப்பல்லாம் போன அமுக்குனா பத்து நிமிஷத்துல ஆளு வருதாம். நாலு போச்சுன்னா நான் நரேலாவுல ஒக்காந்து சொவத்தப் பாக்கணும். அங்க வேலை குடுக்க கோட்டி எங்க இருக்குது?"

முள்ளங்கி வாயாடியிடம் போனது. அவள் பேசுவதற்கு முன் ஒரு துண்டைக் கடித்தாள். சட்டக்காரி, "அது... சாப்பிடக் கூடாது" என்றாள்.

"சாப்டக் கூடாதுன்னு ரூலு சொல்லலியே" என்றாள் வாயாடி மென்றபடி. "கேளு. இவன் போனா நாளைக்கு இன்னொருத்தன் வருவான். மேசை அங்கயேதான் இருக்கும். அவங்க பழசு, அவங்க ஊசிப்போனது, அத நம்ம தூக்கிட்டுப் போறோம். அதுக்கு நம்மகிட்டயே சீட்டு. நாளையிலேருந்து எதையும் வாங்காத. பழைய சட்டை வேணாம், நேத்து சப்பாத்தி வேணாம். ஒரு வாரம் அவங்களே வெச்சுக்கட்டும். அவங்க ஃபிரிட்ஜு வெடிக்கட்டும். அப்பறம் அவங்களே மேசைய எடுப்பாங்க."

எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முள்ளங்கிக்கு மரியாதை போயிற்று. ஒருத்திக்குக் கவலை, தீபாவளிக்குக் கிடைக்காத கம்பளி இந்த மாதம் கிடைப்பதாக இருந்தது. இன்னொருத்தி தன் வீட்டுக்காரம்மா புளித்த இட்லி மாவைக் கொடுப்பதற்கென்றே அதிகமாக அரைப்பதாகச் சொன்னாள். கடைசியில் கம்பளிக்கு மட்டும் விலக்கு கொடுத்துத் தீர்மானம் நிறைவேறியது. சட்டக்காரி கண் கலங்கி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

முள்ளங்கி என்னிடம் வந்தபோது பாதிதான் மிச்சம். ஏன் செய்தாய் என்று கேட்டார்கள். பொய் சொல்ல எதுவும் தோன்றவில்லை.

"அந்த பர்ச்சிய அங்க யாருக்கும் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரியும்னு காட்டிக்கணும்னு இருந்துச்சு."



"எத்தினியாவது படிச்ச?" என்றார் அக்கா.

"எட்டு. முழுசா இல்ல."

"முழுசாப் படிச்சிருந்தா என்னைத் தூக்குலயே போட்டிருப்ப."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்பது என்று பழக்கமில்லாததால், முள்ளங்கியை அக்காவிடம் நீட்டிக்கொண்டே கேட்டேன். அவர் அதை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். "அத வெச்சு நான் என்னா பண்றது? நாளைக்கு ஏழு மணிக்கு என்னா பண்றதுன்னு சொல்லு."

அதற்குள் பூங்கா கேட்டைத் தள்ளிக்கொண்டு மாமி வந்தார். சால்வை, ஸ்வெட்டர், அதன் மேல் இன்னொரு ஸ்வெட்டர். எங்களைத் தேடி வந்தவரில்லை. அக்காவைத் தேடி வந்தவர்.

"ஏண்டி, வெள்ளிக்கிழமைலேர்ந்து பாத்திரம் மலையாட்டம் கெடக்கு. போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறே!"

"என்னாத்த எடுக்கறது மாமி? நான்தான் திருடியாச்சே."

 சட்டக்காரி எழுந்து, உட்காருங்கள் ஆன்ட்டி என்று தன் துப்பட்டாவைப் புல்லில் விரித்தாள். மாமி உட்கார்ந்ததும் யாரோ முள்ளங்கியை அவர் கையில் கொடுத்தார்கள்.

"இது என்னத்துக்கு?"

"அது இருந்தாதான் பேசலாம் மாமி" என்றேன்.

மாமி அதை மடியில் வைத்துக்கொண்டார். வந்தது ஒப்புதல் வாக்குமூலம். வெள்ளிக்கிழமையில் வீட்டிலிருந்து சாமான் வெளியே போகக் கூடாது. போனால் லக்ஷ்மியும் கூடவே போய்விடுவாள். அவர் மாமியார் வீட்டு வழக்கம், மாமா அதில் ரொம்பக் கண்டிப்பு. ஆனால் புதுத் தோசைக்கல் வெள்ளிக்கிழமைதான் வந்து இறங்கியது, அடுக்களையில் இரண்டுக்கு இடமில்லை. அதனால் கொடுத்தது வெள்ளி, எழுதியது வியாழன்.

"பகவானுக்கு ஒரு நாள் முன்னப்பின்ன தெரியாதான்னு நெனச்சேன். இவன் படிப்பான்னு நான் கண்டேனா? இன்டர்காம் அடிச்சப்போ மாமா பக்கத்துலயே பேப்பர் பாத்துண்டிருக்கார். இன்னிக்கு ஒண்ணும் கொடுக்கலைன்னேன். திருட்டுப் பட்டம் கட்டுவான்னு சத்தியமா தெரியாதுடி."

"எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. "எங்களுக்கு எல்லாருக்குமே தெரியும்."

மாமி அங்கிருந்தே செயலாளருக்குப் போன் போட்டார். செயலாளர் மரியாதையாகத்தான் பேசினார். எழுத்தில் கொடுங்கள், வீடு யார் பேரில் இருக்கிறதோ அவர் கையெழுத்து வேண்டும், கமிட்டி புதன்கிழமை கூடும், அதுவரை கார்டு திறக்காது. வீடு மாமா பேரில். மாமியின் முகம் சுருங்கியது. லக்ஷ்மி போன செய்தியை மாமாவுக்கு அவரே சொல்ல வேண்டும்.

"சொல்றேன்" என்றார். "ஆனா நாளைக்கு யாரு தேய்ப்பா?"

எட்டுப் பெண்களுக்கும் அவரவர் கோட்டி ஏழு மணிக்குத்தான். அப்போது வாயாடி என் பக்கம் திரும்பினாள்.

"கம்பம், ஒன் கார்டு வேலை செய்யுதா?"

செய்தது. வேலைக்காரப் பெண்ணின் கார்டை ஒரு நிமிடத்தில் சிவப்பாக்குவார்கள். ஓடிப்போன காவலாளியின் கார்டை யாரும் நிறுத்துவதில்லை. எனக்குத் தெரியும், முதல் இரண்டு வாரம் நான் எனக்கு முன் ஓடிப்போனவன் கார்டில்தான் உள்ளே போய் வந்தேன்.

"பாத்திரம் கழுவுவியா?"

"ஓட்டல்ல கழுவியிருக்கேன். சூரத்துல."

"கை ஓடுமா, காலு மட்டும்தான் ஓடுமா?"

சட்டக்காரி நடுவே புகுந்து, யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவராக ஒப்புக்கொண்டால்தான் இந்த முறை செல்லும் என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எந்த ஊரிலும் என்னை இப்படிக் கேட்டதில்லை. போ என்பார்கள், அல்லது பிடி என்பார்கள். அதற்கு முன்பே நான் போயிருப்பேன். புதன்கிழமை வரைதானே என்றேன். சம்பளம் அக்காவுக்கு, மத்தியானச் சாப்பாடு எட்டுப் பேர் டப்பாவிலிருந்தும் எனக்கு என்று பேசி முடித்தார்கள். ஈரக் கால்சட்டையை வாயாடி பிடுங்கி, பூங்கா வேலியில் உதறிப் போட்டாள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு வாசலில் புதுக் காவலாளி இருந்தான். என்னைவிடக் குள்ளம். கார்டை வைத்தேன், பச்சை எரிந்தது. அக்கா வாசலுக்கு வெளியே நடைபாதையில் குந்தியிருந்தார், காதில் போன். என்னை நம்பி நரேலாவில் இருக்க முடியவில்லையாம். நாலு கோட்டியும் முடியும் வரை போனைக் காதிலிருந்து எடுக்காதே என்று உத்தரவு.

மாமி வீட்டை முதலில் எடுத்துக்கொண்டேன்; தொட்டியில் மூன்று நாள் பாத்திரம். குழாயைத் திறந்தேன். தண்ணீர் விரலைக் கடித்தது.

"சாதம் வெச்சது தனி, மத்தது தனி. கலந்துடாதே" என்றார் மாமி, அடுக்களை வாசலில் நின்று.

"இட்லித் தட்ட ஊற வெய்யி மொதல்ல" என்றார் அக்கா, காதுக்குள்.

கூடத்தில் மாமா மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மத்திய அரசாங்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு பார்த்தவர். மாமி ராத்திரியே சொல்லிவிட்டிருந்தார். லக்ஷ்மி போனதைப் பற்றி மாமா ஒரு வார்த்தை பேசவில்லையாம். நடந்த நாளுக்கு வேறு கிழமை போட்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இப்போது இங்கிலீஷில் மூன்றாவது வரைவு ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா, நீ இன்டர்காம் பண்ணது எத்தனை மணி? சரியாச் சொல்லு."

"பதினொண்ணு சார்."

"பதினொண்ணா, பதினொண்ணு அஞ்சா?"

"என்னாவாம்?" என்றார் அக்கா.

"மணி கேக்கறாரு."

"மணிய வுடு. கெழமை என்னா போட்டாருன்னு பாரு."

கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை என்றுதான் இருந்தது. அதன் கீழே, எங்கள் தவறு என்பதற்கு மாமா எழுதிய சொல்லை அடித்து, அதைவிட நீளமான ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார்.

"வெள்ளின்னுதான்க்கா போட்டிருக்காரு."

போனில் ஒரு பழக்காரன் கத்தினான், அக்கா அவனுக்கு மேல் கத்தினார். 

"கையெழுத்து போட்டாரா?"

"இன்னும் இல்ல."

"அவரு போடறதுக்குள்ள ஒனக்குக் குக்கர் இருக்குது. ரப்பரக் கழட்டித் தேய். ரெண்டாவது கோட்டிக்காரி ஏழே முக்காலுக்கெல்லாம் வாசல்ல வந்து நிப்பா, ஜல்தி."

மாமி நேற்றைய உப்புமாவை ஒரு டப்பாவில் எடுத்துவந்து நீட்டினார். வேண்டாம் மாமி என்றேன். ஏன், நன்றாகத்தான் இருக்கிறது என்றார். தீர்மானம் என்றேன். மாமி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து, இடமில்லாமல் மூடினார். நான் குக்கர் மூடியைக் கவிழ்த்து ரப்பரைக் கழற்ற ஆரம்பித்தேன்.